எழுப்ப ஓர் ஆள்



மார்கழி வந்துவிட்டால் அதிகாலையின் அருமை பெருமைகளை எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். விடிந்த பிறகும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறவர்கள் பக்கம் நின்று பேச ஆளில்லை. நானும் அந்தக் கட்சிதான் என்பதால் இந்த மாதம் நானே பேசிவிடுகிறேன்.

ஆண்டாள் எங்கள் கட்சியை நன்றாகவே அறிந்தவள். திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை, பத்துப் பாசுரங்கள் தூங்குகிற தோழிகளை எழுப்புவதற்கே செலவாகின்றன. மூன்றில் ஒரு பங்கு! கெஞ்சல், கேலி, அதட்டல், உள்ளேயிருந்து வாய்க்கு வாய் பதில் என்று எல்லாம் நடக்கிறது. முதலில் எழுந்தவர்கள் பாட்டுக்கு நீராடப் போயிருக்கலாம். போகவில்லை. வீடு வீடாக நின்று எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

இந்தக் 'கூட்டிக்கொண்டு போவது' சும்மா பாட்டுக்காகச் சொன்னதல்ல. 1970களின் பிற்பகுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகை வௌவால்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். கும்மிருட்டுக் குகைக்குள் கூண்டில் இருக்கும் வௌவாலுக்கு இரவு எது, பகல் எது என்று தெரிய வழியில்லை. ஆனாலும் சுற்றிலும் சொந்த இனம் பறந்து திரிந்தவரை, கூண்டுக்குள் இருந்ததும் அவற்றோடு சேர்ந்தே விழித்தது, சேர்ந்தே அடங்கியது. துணையில்லாத காலிக் குகையில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது.

மனிதர்களையும் அதே ஆய்வுக்கூடம் கடிகாரம் இல்லாத, வெளிச்சம் புகாத அறையில் தனியே தங்கவைத்துப் பார்த்தது. அப்படித் தனித்திருக்கும் மனிதருக்கு உடம்பின் ஒரு நாள் பெரும்பாலும் 24 மணியைச் சற்றுத் தாண்டி ஓடுகிறது. சிலருக்குக் கூடுதலாகவே தாண்டும். பதின்வயதில் அது இன்னும் பிந்தும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று காட்டியவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

நழுவுகிற கடிகாரத்தைத் தினமும் இழுத்து நிறுத்துவது காலை வெளிச்சம். மார்கழியில் மதுரையில் சூரியன் எட்டிப் பார்க்கவே ஏறக்குறைய ஆறரை ஆகிறது. பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவர் திடீரென்று நாலரைக்கு அலாரம் வைப்பது வீம்பு. இப்போது எழுகிற நேரத்திலிருந்து கால் மணி முன்னால் எழுந்து பாருங்கள். உடம்புக்கு அது பழகிய பிறகு இன்னொரு கால் மணி. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சலுகை கொடுத்தால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து. எழுந்ததும் டீ டம்ளரோடு மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ வந்துவிடுங்கள். மேகம் மூடிய வானம்கூட வீட்டு டியூப்லைட்டைவிடப் பலமடங்கு வெளிச்சம். சாயங்காலக் காப்பியைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். தூங்கா நகரமான மதுரையில் இருந்துகொண்டு இரவு பதினொரு மணிப் பரோட்டாவை விடச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். வாரத்தில் ஒருநாளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்தும் எழ முடியவில்லையா? அப்போதுதான் ஆள் வேண்டும். அழகர்கோவில் மலைமேல் நூபுர கங்கையில் குளிக்க வருகிறவர்களைப் பாருங்கள். தனியாக வருகிறவர் குறைவு. வேன் பிடித்து, மாற்றுத்துணியெல்லாம் ஒரே பையில் திணித்து, தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். தலையில் தண்ணீர் விழுந்ததும் பிள்ளை போடுகிற சத்தத்தில் பின்னால் நிற்பவர்களுக்கும் தூக்கம் போய்விடும். இறங்கி வந்தால் அந்தத் தீர்த்தத்தில் மாவரைத்துச் சுட்ட நெய்த்தோசை இருக்கிறது. விடியலில் எழுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சித்திரைத் திருவிழாவிலும் இதே கதைதான். கோவிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பரிடம் உத்தரவு வாங்கி அழகர் இருபது கிலோமீட்டர் சொச்சம் வந்து, தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை ஏற்று, விடியற்காலை வைகையில் இறங்குகிறார். வருஷம் முழுக்க எட்டு மணிக்கு எழுகிற மதுரைக்காரர் அன்றைக்கு மூன்று மணிக்கே குளித்துத் தயார். அலாரமா எழுப்பியது? தெருவே எழுந்துவிட்டது, இவரும் எழுந்தார். (மத்தியானம் அவர் குறட்டை விடுவது வேறு கதை.)

காம்பவுண்டு வீடுகளில் முறைவாசல் என்று ஒன்று உண்டு. இன்றைக்கு உங்கள் முறை என்றால் நீங்கள் எழுந்து தெளித்துக் கோலம் போட்டாக வேண்டும். எட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும். அடுக்ககத்தில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அண்ணனோடு நடைப்பயிற்சியோ, தங்கையோடு காலை போனோ, யாராவது ஒருவரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். நமக்காக எழ மாட்டோம். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் எழுந்துவிடுவோம்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கும், இரவுப் பணி முடித்து வரும் செவிலியர்களுக்கும் இந்தப் பக்கம் பொருந்தாது. அவர்கள் வீட்டில் காலை நேரத்தில் மிக்ஸியைப் போடாதீர்கள், அது போதும். ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் கண் சொக்குகிறது, குறட்டையும் பலம் என்றால் டாக்டரைப் பாருங்கள்.

உங்களை எழுப்புகிற ஆள் யார் என்று எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். இதைப் படிக்கும்போது மணி பத்தரையைத் தாண்டியிருந்தால், மற்ற பக்கங்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்