சொந்த சைக்கிளைச் சொல்லுங்க!

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் "சின்ன வயசுல சைக்கிள் இருந்ததா?" என்று கேட்டால் நாம என்ன செய்கிறோம்? "எஸ் சார்" என்று உட்கார்ந்து விடுகிறோம். இல்லாவிட்டால் கைடில் உள்ளதை ஒப்பிக்கிறோம். பிறந்தநாளுக்கு அப்பா சிவப்பு சைக்கிள் வாங்கித் தந்தாராம்! வன்னியம்பட்டியில் எத்தனை பேருக்கு அப்படிக் கிடைத்தது? அண்ணன் சைக்கிளில் குரங்குபெடல் போட்டவர்கள்தானே நாம். அதையே சொன்னால் என்ன?

1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படித்த பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். கைடு படித்தா ஓட்டினார்கள்?

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. தமிழில் காரையும் 'ஓட்டுகிறோம்', சைக்கிளையும் 'ஓட்டுகிறோம்'. இங்கிலீஷில் காருக்கு 'ட்ரைவ்', சைக்கிளுக்கு 'ரைட்'. முன்பு வழக்கமாகச் செய்ததற்கு 'யூஸ்டு டு'. "ஐ யூஸ்டு டு ரைட் மை பிரதர்ஸ் சைக்கிள்." இதோடு யார் பின்னால் பிடித்தார், எங்கே விழுந்தோம் என்று ரெண்டு வரி சேர்த்தால் போதும், நல்ல பதில்.

ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம், ஒரு வேண்டுகோள். பாதியில் திருத்தாதீங்க. சொல்லி முடித்த பிறகு திருத்துங்க. நடுவில் நிறுத்தினால் கடைசி பெஞ்சில் அடுத்த தடவை யாரும் கை தூக்க மாட்டாங்க.