நடப்பவரையும் எண்ணுக!

உழைக்கும் மக்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள், எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். கிடைத்த விடைகள் அட்டவணையாக வெளிவந்தன. நகரப் போக்குவரத்தை ஆராயும் பேராசிரியர்கள் அந்த அட்டவணையை வைத்துக் கட்டுரைகள் பல எழுதியிருக்கிறார்கள். அதில் கண்டது என்ன? எண்ணப்பட்ட சுமார் 20 கோடிப் பேரில் நூற்றுக்கு 30 பேர் பயணமே இன்றி இருந்த இடத்திலேயே தொழில் செய்தவர்கள். நூற்றுக்கு 22 பேருக்கு மேல் கால்நடையாய் நடந்தவர்கள். 13 பேர் சைக்கிள் மிதித்தவர்கள். 11 பேர் பஸ்ஸில் போனவர்கள். காரில் போனவர்கள்? நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை!

மூன்று பேருக்கும் குறைவானவர்களுக்காகச் சாலை அகலமாகிறது, மேம்பாலம் எழுகிறது. இருபத்திரண்டு பேருக்கு நடைபாதை கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். இது அநீதிதான். ஆனால் இதைவிடப் பெரிய அநீதி ஒன்று அந்த அட்டவணைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தோழர்கள் அதைக் கவனிக்கவேண்டும்.

அந்தக் கேள்வி எல்லாத் தொழிலாளர்களிடமும் கேட்கப்படவில்லை. 'பிற தொழிலாளர்' என்று வகுக்கப்பட்டவர்களிடம் மட்டுமே கேட்கப்பட்டது. நிலத்தை உழும் விவசாயி, கூலிக்குக் களையெடுக்கும் பெண், வீட்டுத் தொழிலில் குடும்பத்தோடு ஈடுபட்டவன் ஆகிய மூவரும் விலக்கப்பட்டார்கள். விடியுமுன் எழுந்து அடுத்த ஊர்க் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறாளே நம் சகோதரி, அவள் போவது பயணம் அல்லவாம்! வீட்டில் தறி ஓட்டுகிறவன் நூல் வாங்கவும் நெய்த சேலையைச் சேர்க்கவும் அலைகிறானே, அது அலைச்சல் அல்லவாம்! நாட்டின் கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குக் கால்களே கிடையாது.

சங்கரன்கோவிலில் இருந்து பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். விசைத்தறி ஓடும் ஊர் இது. பூச்சந்தை கூடும் ஊர் இது. சுற்றிலும் கரிசல் காடும் தோட்டங்களும். ஒரு பக்கம் நூற்பாலைகளின் இராசபாளையம். இன்னொரு பக்கம் தீப்பெட்டித் தொழிலின் கோவில்பட்டி. மேற்கே எலுமிச்சைச் சந்தையின் புளியங்குடி. 1927 இல் போடப்பட்ட விருதுநகர் - தென்காசி இரயில் பாதை இவ்வூர் வழியாகப் போகிறது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை மனுவோடு தெற்கே நெல்லைக்குப் போன மக்கள் அன்று முதல் தென்மேற்கே தென்காசிக்குப் போக வேண்டியவர்களானார்கள். ஓர் அரசாணையால் ஆயிரக்கணக்கான பேரின் பயணத் திசையே மாறியது. பஸ் நேரங்களும் தடங்களும் அதற்கேற்ப மாறினவா என்று எவரேனும் வீடு வீடாகச் சென்று கேட்டதுண்டா?

"ஆராய்ச்சி பேராசிரியர்கள் வேலை, நமக்குப் பஸ் வந்தால் போதாதா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். போதாது. பஸ் எங்கே ஓடவேண்டும் என்பதை முடிவு செய்வதே அந்த ஆராய்ச்சிதான். அது பிறந்த கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் 1953 இலும், சிகாகோ நகரில் 1950-களின் நடுவிலும் இந்தக் கலை வளர்ந்தது. நகரை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். வீடு வீடாகச் சென்று, எங்கிருந்து எங்கே போகிறீர், எதில் போகிறீர் என்று கேட்டார்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை பயணம் பிறக்கிறது, அது எங்கே போய்ச் சேருகிறது, எந்த வாகனத்தில், எந்தச் சாலையில் என்று நான்கு படிகளாகக் கணக்கிட்டார்கள். அருமையான முறைதான். ஆனால் அது பிறந்த இடம் கார்த் தொழிலின் தலைநகரம்! நடப்பவனை அந்நாளைய ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணவே இல்லை. காரை எண்ணினார்கள், கணக்கின் விடையாகக் காருக்கான சாலைதான் வந்தது. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் பணம் போகும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

சென்னையிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்தன. 1995 இல் பறக்கும் இரயில் வந்தது. 2015 இல் மெட்ரோ வந்தது. அதன் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். நாம் பொறாமைப்படவில்லை. சென்னைத் தொழிலாளியும் நம் தோழனே. அவன் வசதியாகப் போகட்டும். ஆனால் நகரம் என்றால் சென்னை மட்டுமா? வாகனத்தை அல்ல, மனிதரை நகர்த்துவதே குறிக்கோள் என்று டில்லி சர்க்கார் 2006 இல் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை வகுத்தது. சொல் நன்று! அந்த மனிதரில் சங்கரன்கோவிலில் வாழ்கிறவரும் சேர்த்திதானே?

கூலிக்கும் பஸ்ஸுக்கும் உள்ள உறவை இங்கே விளக்கவேண்டும். 1970-களில் ஜஹாவி என்ற ஆராய்ச்சியாளர் உலக வங்கிக்காகப் பல நகரங்களின் பயணங்களை ஆராய்ந்தார். ஊர் எதுவானாலும், மனிதர் நாளொன்றுக்குப் பயணத்தில் செலவிடும் நேரம் சராசரியாக ஏறத்தாழ ஒரு மணி அளவில்தான் நிற்கிறது என்றார். போக அரை மணி, வர அரை மணி. இதை நம் தோழன் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். நடந்தால் அரை மணியில் இரண்டரைக் கிலோமீட்டர். மணிக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் பத்துக் கிலோமீட்டர். எட்டும் தூரம் நான்கு மடங்கு. எட்டும் பரப்போ பதினாறு மடங்கு! நடப்பவனுக்கு ஒரு பட்டறை எட்டும் இடத்தில், பஸ்ஸில் போகிறவனுக்குப் பதினாறு எட்டும்.

ஒரே முதலாளியின் பட்டறைதான் எட்டும் என்றால் அவர் சொல்வதே கூலி. அடுத்த ஊர்ப் பட்டறையும் எட்டுமானால், "கட்டாது ஐயா, நான் அங்கே போகிறேன்" என்று தொழிலாளி நிமிர்ந்து சொல்லமுடியும். ஆகவே பஸ் தடம் என்பது கூலிப் பேரத்தில் தொழிலாளியின் பக்கம் வைக்கும் எடைக்கல். அந்தப் பஸ் நேரத்துக்கு வராமல் அரை மணி நிற்க வைத்துவிட்டால், எடைக்கல் முதலாளியின் தட்டுக்குப் போய்விடுகிறது. இரவு ஷிப்டு முடிந்து வருபவனுக்குப் பஸ்ஸே இல்லையென்றால், பேரம் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது என்று பொருள்.

வேலைக்குப் போகும் வழியும் வேலையைச் சேர்ந்ததே என்பதைச் சட்டமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் 2010 இல் செய்த திருத்தம், வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருக்குமானால், தொழில் விபத்தாகவே கொள்கிறது. பணிக்குப் போகும் வழியில் 2003 இல் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. செத்தால் கணக்கில் வரும் வழி, உயிரோடு நடக்கும்போது ஏன் கணக்கில் வரக்கூடாது?

நம் மாநிலம் இத்துறையில் செய்ததை மறைக்கவேண்டியதில்லை. தனியார் முதலாளிகள் கையிலிருந்த பஸ் தடங்கள் மக்கள் சொத்தாயின. 1972 முதல் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்தன. 1974 இல் நெல்லைக்கென ஒரு கழகம் பிறந்தது. 1997 இல் சிற்றுந்துகள் சிற்றூர்களைத் தொட்டன. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து, இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. ஆய்வு என்றால் இது! இலவசம் என்று இகழ்ந்தவர்களின் வாயை ஓர் எண் அடைத்தது.

ஆனால் அந்த உரிமை நகரப் பஸ்ஸோடு நின்றது. புறநகர்ப் பஸ் மட்டுமே ஓடும் தடத்தில் வாழும் பெண்ணுக்கு அந்த 888 ரூபாய் எட்டாக் கனிதான். நஷ்டம் பெருகும் என்பார்கள். சாலை போடுவதால் நஷ்டம், பள்ளி நடத்துவதால் நஷ்டம் என்று எவரும் கூறுவதில்லை. ஏழை ஏறும் பஸ்ஸுக்கு மட்டும் நஷ்டக் கணக்கு நீட்டப்படுவானேன்?

ஆடித் தபசுக்குக் கூட்டம் இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சிறப்புப் பஸ்கள் விடத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒரு விழாவுக்குச் செய்ய முடிந்ததை, அன்றாடம் உழைக்கப் போகிறவர்களுக்குச் செய்யலாகாதா?

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: 2021 இல் நடக்கவேண்டிய மக்கள் தொகைக் கணக்கு நடக்காமற் போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்துவதென 2025 ஜூனில் டில்லி அறிவித்தது. அந்தக் கணக்கில் பயணம் பற்றிய கேள்வி விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுத் தொழிலாளிகளுக்கும் சேர்த்தே இருக்கவேண்டும். இரண்டு: 1971 ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி சிறு நகரங்களுக்குத் திட்டம் வரையும்போது, நடப்பவர், சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்பவர் ஆகியோரையும் எண்ணிவிட்டு வரையவேண்டும். மூன்று: ஷிப்டு மாறும் நேரத்தை ஒட்டிப் பஸ் நேரம் அமையவேண்டும், சுற்றூர்த் தடங்களில் நகரப் பஸ் ஓடவேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது நம் பழக்கமல்ல. ஒவ்வொரு கிளையிலும் நான்கு தோழர்கள் ஒரு வாரம், காலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை, பஸ் நிலையத்திலும் ஊரெல்லைச் சாலைகளிலும் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கட்டும். எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்ற நான்கு கேள்விகள் போதும். பெயர் கேட்க வேண்டாம். கட்சி கேட்க வேண்டாம். நடந்து போகிறவரையும், சரக்கு வண்டியில் நெருக்கியடித்துப் போகும் பெண்களையும் தவறாமல் எண்ணுங்கள். மாலையில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை நகராட்சியின் முன்னும் போக்குவரத்துக் கழகத்தின் முன்னும் சட்டமன்ற உறுப்பினரின் முன்னும் வையுங்கள். "பஸ் வேண்டும்" என்ற முழக்கத்துக்கு மறுமொழி சொல்லாமல் இருந்துவிடலாம். "இந்தத் தடத்தில், இந்த நேரத்தில், இத்தனை பேர் நடக்கிறார்கள்" என்ற எண்ணுக்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும்.

சர்க்கார் எண்ண மறந்த கால்களை நாமே எண்ணத் தொடங்குவோம், தோழர்களே!