"வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள்!

சகோதரிகளே, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தும் நாம், ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதே இல்லை. அதுதான் ஆஸ்பத்திரியில் எழுதும் காயக் குறிப்பு.

எங்கள் கவரைப்பேட்டையில் யாருக்கு அடிபட்டாலும் கும்மிடிப்பூண்டி அல்லது பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். பெரிய காயமென்றால் சென்னை ஸ்டான்லி. சிப்காட் கம்பெனி மெஷினில் கை மாட்டியவர், ஜி.என்.டி. ரோட்டில் லாரி இடித்தவர், புருஷனிடம் அடி வாங்கியவள் எல்லாரையும் விபத்துப் பதிவேட்டில்தான் எழுதுவார்கள். சுருக்கமாக ஏ.ஆர். என்பார்கள். பெயரில்தான் விபத்து, அடிதடியும் அதில்தான் ஏறும்.

யார் அழைத்து வந்தது, எத்தனை மணிக்கு, அங்க அடையாளம், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர் என்றெல்லாம் டாக்டர் குறிப்பார். கூடவே "எப்படி ஆச்சும்மா?" என்று கேட்பார். "நேற்றிரவு 9 மணிக்கு, வீட்டில், தெரிந்த ஒருவர் கட்டையால் அடித்ததாகக் கூறுகிறார்" என்று நம் பதிலை அப்படியே எழுதுவார். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் தெருவில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண். முன்கை எலும்பு முறிந்து போனபோது, பக்கத்தில் மாமியார் நிற்கவே, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதம் கழித்து, மறுபடி அடி பொறுக்காமல் புகார் கொடுக்கப் போனாள். பழைய சீட்டில் "கீழே விழுந்தது" என்றுதானே இருக்கிறது? "எக்ஸ்ரே இருக்கே அக்கா!" என்றாள். எக்ஸ்ரே எலும்பு முறிஞ்சதைச் சொல்லும். முறிச்சது யாருன்னு சொல்லுமா?

இன்னொரு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஐ.சி.டி.-10 பட்டியலில் முன்கை எலும்பு முறிவு எஸ் 52. காரணத்துக்குத் தனி எண். விழுந்ததென்றால் டபிள்யூ வரிசை. பிறர் தாக்கியதென்றால் எக்ஸ் 85 முதல் ஒய் 09 வரை. நாம் மறைத்தால், கணக்கிலும் நாம் வழுக்கி விழுந்தவர்கள்தான்!

சட்டத்திலும் காயம் இரண்டு வகை: சாதாரணக் காயம், கொடுங்காயம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவுப்படி எலும்பு முறிவு, பல் உடைவது, முகத்தில் நிரந்தர விகாரம், 15 நாள் கடும் வேதனை முதலியவை கொடுங்காயம். பழைய சட்டத்தில் அது 20 நாள். ஒரு பல் போனாலும் லேசான விஷயமில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை:

1. அன்றைக்கே போங்கள். கன்றிய இடம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி, சுமார் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

2. காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள் அப்பாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

3. கூட வந்தவர் முன்னால் பேசப் பயமா? "தனியாப் பேசணும் சிஸ்டர்" என்று நர்ஸிடம் கேளுங்கள்.

4. புடவை மறைக்கும் காயத்தையும் காட்டுங்கள். அடித்தது எத்தனை பேர், எதனால் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஏ.ஆரில் ஒன்று, புகாரில் வேறொன்று என்றால் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வார்.

5. போலீஸ் வரட்டும் என்று அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாதென்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2006-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்பு விதிகளின்படி, பரிசோதனை அறிக்கையின் நகலை அடிபட்ட பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

"அப்புறம் அவரை ஜெயில்ல போட்டுட்டா குழந்தைங்க கதி?" என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், "இனி அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது" என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு மட்டுமே கேட்கவும் வழியிருக்கிறது. அதற்கும் இந்தக் காகிதம் கைகொடுக்கும்.

பெண்கள் உதவி எண் 181. நகலில் ஒன்றைப் பிறந்த வீட்டிலோ நம்பகமான சிநேகிதியிடமோ கொடுத்து வையுங்கள். வீட்டு பீரோ சாவி எப்போதும் நம் கையிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாதல்லவா?