தாள் கேட்கும் சட்டம்! கூரை கேட்கும் மக்கள்!



மாதம் பிறந்ததும் அரிசிக்கு முன்னே, மருந்துக்கு முன்னே, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் முன்னே எடுத்து வைக்கப்படும் பணம் எது? குடிக்கூலி! நகரத்தில் வாழும் நம்மில் பலருக்குத் தலைக்கு மேலுள்ள கூரை பிறருடையது. அந்தக் கூரையைப் பற்றி நாட்டின் சட்டம் இன்று என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று நாம் வாளாவிருத்தல் தகாது.

உலகப் போர்க்காலத்து வீட்டு நெருக்கடியிலே பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946லும் 1949லும் சட்ட வடிவம் பெற்று, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி 'நியாய வாடகை' என்ற கோட்பாடு. வீட்டுக்காரர் கேட்பதே வாடகை அன்று. நிலத்தையும் கட்டடத்தையும் மதிப்பிட்டு, குடியிருப்பானால் ஆண்டுக்கு 9 விழுக்காடு, பிறவற்றுக்கு 12 விழுக்காடு என்று கணக்கிட்டு, அதிகாரி வரையறுப்பதே வாடகை என்றது.

குறையே இல்லாத சட்டமா அது? இல்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஓய்வூதியப் பணத்தைப் போட்டு மாடி கட்டிய ஆசிரியரும், ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு வயிறு கழுவும் கைம்பெண்ணும், தம் வீட்டைத் தாமே பெற முடியாமல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். வீட்டுக்காரர் எல்லாம் கொடியவரும் அல்லர். குடித்தனக்காரர் எல்லாம் உத்தமரும் அல்லர். ஆகவே திருத்தம் தேவைப்பட்டது. ஆனால் வந்தது திருத்தமா? அடித்தளத்தையே மாற்றிய புதுக் கட்டடம் அன்றோ வந்தது!

தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. நியாய வாடகை போயிற்று. இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டதே வாடகை என்றாயிற்று. பழைய சட்டம், "இந்த வாடகை நியாயமா?" என்று கேட்டது. புதிய சட்டம், "ஒப்பந்தத் தாள் எங்கே?" என்று கேட்கிறது.

தாள் கேட்பது தவறு என்று நான் கூறவில்லை. எழுத்து இருந்தால் வழக்குக் குறையும். தண்ணீரை நிறுத்தியும் மின்சாரத்தைத் துண்டித்தும் குடியிருப்பவரை விரட்டுதல் கூடாது என்று இந்தச் சட்டமும் சொல்கிறது, அதை வரவேற்போம். ஆனால் ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் சுமை தூக்கும் தொழிலாளியிடம் தாள் ஏது? வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்து, நாள்காட்டியின் மூலையிலே வாடகைக் கணக்கை எழுதி வருபவர் அவர். பழைய நாளில் வாய்மொழியாகக் குடிபுகுந்தவருக்கு எழுத்து வடிவில் ஒப்பந்தம் ஏற்படாமற்போனால், வீட்டை மீட்டுக்கொள்ள அதுவே ஒரு காரணம் என்கிறது சட்டம். எழுத மறுத்தவர் யார் என்று அந்த வாசகம் கேட்கவில்லை. பேனா ஒருவர் கையில். தண்டனை மற்றவர் தலையில்!

முன்பணத்தைப் பாருங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குதல் கூடாது என்கிறது சட்டம். நல்ல பூட்டு! ஆனால் ஒப்பந்தம் வேறு விதமாக இருந்தாலொழிய என்ற சொற்களையும் சேர்த்து, பூட்டின் மேலேயே சாவியையும் தொங்கவிட்டிருக்கிறது. வீடு தேடி அலைபவர் கையெழுத்திட மறுப்பாரோ?

வாடகைக்கேனும் வீடு பெற்றவர் கதை இது. வீடே இல்லாதவர் கதை என்ன?

1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். உயர்ந்த வாசகம்! ஆயினும் மழைக்காலம் கழிந்தபின் அவர்களை அகற்றலாம் என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. 2024 நவம்பர் 13இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. 15 நாள் முன்னறிவிப்பின்றி வீட்டை இடிக்கலாகாது, நெறி மீறும் அதிகாரி தம் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று, இடிப்பு இயந்திரத்துக்குக் கடிவாளம் இட்டது. நெஞ்சாரப் பாராட்டுகிறோம். ஆனால் சாலையிலும் நடைபாதையிலும், இருப்புப்பாதை ஓரத்திலும் நீர்நிலைக் கரையிலும் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏழையின் குடிசை வேறெங்கே இருக்கிறது, தோழர்களே? கூவம் கரையில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். வீடு கிடைத்தது, வேலை தொலைவிலே நின்றுவிட்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுங்கள். இந்தியாவில் வீடற்றோர் 17 இலட்சத்துக்கு மேல். அதே கணக்கில், நகர்ப்புறங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல்! நகரில் இலட்சம் பேருக்கு, நூறு பேர் தங்கும் விடுதி ஒன்றேனும் வேண்டும் என்பது அரசு வகுத்த நெறி. நூறு பேருக்குப் பாய் விரிப்பதும் தேவையே. ஆனால் பாய் வீடாகிவிடாது.

நாம் கேட்பவை மூன்று. எழுத்து ஒப்பந்தம் இல்லாத குற்றம், எழுத மறுத்தவரையே சாரட்டும். முன்பண வரம்புக்கு விலக்கு வேண்டாம். நியாய வாடகை கேட்கும் உரிமை, காலத்துக்கேற்ற கணக்குடன், சிறு வீட்டுக்காரரும் நலிவுறா வண்ணம் திரும்பட்டும்.

கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. வட்டந்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோமே, அங்கே ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒப்பந்தம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். பதிவு செய்யும் வழி காட்டுங்கள். வாடகைக்கு ரசீது கேட்கப் பழக்குங்கள். நடைபாதையில் உறங்குவோரைக் கணக்கெடுத்து, விடுதி எங்கே என்று நகராட்சி மன்றத்தில் கேளுங்கள். சட்டம் தாள் கேட்கிறது. அந்தத் தாளை ஏழையின் கையிலே சேர்ப்பது இன்றைய வேலை. தாள் இல்லாதவரையும் மனிதராக மதிக்கும் சட்டத்தைக் கொணர்வது நாளைய வேலை. இரண்டையும் தொடங்குவோம், வாரீர்!