மழைக்கு முன் உரம் போடலாமா?

ஐப்பசியில் வானம் கறுத்ததும், "மழை வருகிறது, உரத்தைப் போட்டுவிடு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எல்லா மண்ணுக்கும் இது பொருந்தாது என்பது என் கருத்து. காரணத்தை நீங்கள் படிக்கும் பௌதிகமே சொல்லும்.

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. வேறின மின்னூட்டங்கள் கவரும், ஓரின மின்னூட்டங்கள் விலக்கும் அல்லவா? ஆகவே பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் ஆகிய நேர் அயனிகளைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது. நைட்ரேட்டோ எதிர் அயனி. நீர் போகும் வழியே அதுவும் போய்விடுகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மண்ணில் அது சில நாட்களில் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுகிறது.

மணற்பாங்கான மண்ணில் களித்துகள் குறைவு, இடைவெளிகள் பெரியவை. ஒரு பெருமழையிலேயே நைட்ரேட் வேரைத் தாண்டி இறங்கிவிடும். களிமண்ணில் நீர் மெல்ல இறங்கும் என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். மேலே வழிந்தோடும் நீர் மண்ணை அரித்து, துகளோடு ஒட்டிய மணிச்சத்தையும் இழுத்துச் செல்லும். நீர் தேங்கினாலோ, காற்றில்லாத மண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடும்.

எங்கள் கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்களில் மனைகளைச் சவுடு கொட்டி மேடாக்குகிறார்கள். அதனால் அடுத்தடுத்த வீட்டுத் தோட்டங்களிலேயே மண் மாறுபடலாம். சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. இருவர் ஒரே நாளில் ஒரே அளவு உரமிட்டாலும் நட்டம் ஒன்றாக இராது.

நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. இறங்கிய நைட்ரேட் கிணற்றைச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வழிந்தோடிய சத்து ஏரியில் ஆகாயத்தாமரையை வளர்க்கும்.

உரத்தைப் பல தவணையாகப் பிரித்துப் போடுவது கூடுதல் வேலை என்பார்கள். உண்மைதான். ஆனால் மணற்பாங்கான மண்ணுக்கு அதுவே சிக்கனம். மக்கிய எருவும் ஏரி வண்டலும் சேர்த்தால் மண்ணின் பிடிப்பும் கூடும். களிமண்ணில் முதலில் வடிகால் வெட்டுங்கள், உரம் பிறகு.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அடியில் துளையிட்ட இரு டப்பாக்களில் களி கலந்த தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் மெதிலீன் நீலக் கரைசலையும் மற்றதில் ஈயோசின் கரைசலையும் ஊற்றுங்கள். நேர் மின்னூட்டமுள்ள நீலத்தை மண் பிடித்துக்கொள்ளும். எதிர் மின்னூட்டமுள்ள சிவப்பு பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு வெறும் ஆற்றுமணலிலும் செய்து பாருங்கள். அதன் பின் உங்கள் வீட்டில் உரமிடும் நாளை நீங்களே குறிக்கலாம்!