விழுங்கப்பட்ட ஒரு சொல்

சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் மூடப்பட்ட பெட்ரோல் பங்குகளில் ஆண்டுக்கணக்கில் கண்காணிப்புக் கிணறுகளை வைத்துக்கொண்டு நிலத்தடி நீரைச் சோதிப்பது வீண் செலவாம். தொட்டியைத் தோண்டி எடுத்தாயிற்று, கசிந்ததை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், நிலத்தை விற்க விடுங்கள் என்கிறார் கட்டுரையாளர். ‘இயற்கைத் தணிவு’ என்ற இந்த முறையை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே ஏற்றிருக்கிறது என்பது அவர் காட்டும் ஆதாரம்.

முகமை ஏற்றது உண்மை. ஆனால் 1999இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த முறையின் பெயர் ‘கண்காணிக்கப்படும் இயற்கைத் தணிவு’. முதல் சொல்லைக் கட்டுரையாளர் விழுங்கிவிட்டார். இது கைகட்டிச் சும்மா இருப்பதற்கான வழியல்ல என்று அந்த ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றனவா என்பது கிணற்று நீரை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். கண்காணிப்பை நிறுத்தச் சொல்பவர், கண்காணிப்பு இல்லாமல் நிற்கவே முடியாத ஒரு முறையைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்ற இதே நம்பிக்கையின் ஓட்டையைக் கலிஃபோர்னியா ஒருமுறை கண்டிருக்கிறது. 1995 அக்டோபரில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், கசியும் எரிபொருள் தொட்டிகளைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. பெட்ரோலிலுள்ள பென்சீன் பெரும்பாலும் தொலைவு போவதில்லை, இயற்கையே தணிக்கும் என்றது. டிசம்பரில் மாநில நீர்வள வாரியம், அபாயம் குறைந்த இடங்களில் தீவிரச் சுத்திகரிப்பை நிறுத்தலாம் என்று கடிதம் அனுப்பியது. அடுத்த ஆண்டே சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூடியது. பெட்ரோலில் கலந்திருந்த எம்.டி.பி.இ. என்ற சேர்மம் நீரில் எளிதாகக் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நுண்ணுயிர்களுக்கும் எளிதில் இரையாகாமல் கிணறுகள்வரை போயிருந்தது. லிவர்மோர் அறிக்கை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழ பாதியை இழந்து, விலைக்குத் தண்ணீர் வாங்கியது. மூடிய சார்னாக் பகுதிக் கிணறுகளின் நீரைச் சுத்திகரித்து மீண்டும் குடிக்கத் தர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. பென்சீனைப் பற்றி அறிக்கை சொன்னது பெரும்பாலும் சரிதான். அது கேட்காத கேள்விக்கான பதில்தான் சாண்டா மோனிகாவில் தெரிந்தது.

ஓராண்டுச் சோதனையில் நீர் சுத்தமாக வந்தால் போதும் என்கிறார் கட்டுரையாளர். நிலத்தடி நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. பெட்ரோல் நீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது அதோடு இறங்கி மண்துகள்களில் அப்பிக்கொள்ளும். மழைக்குப் பின் மட்டம் ஏறும்போது அப்பியிருந்தது மறுபடி கரையும். சுத்திகரிப்புக்காக மாசு நீரை இறைக்கும் பம்பை நிறுத்திய சில மாதங்களில் அளவு திரும்ப ஏறுவதும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய காட்சி. வறண்ட ஓராண்டின் அறிக்கையை வைத்துக் கோப்பை மூடுவது பொறுப்பற்ற செயல்.

கசிவு இருந்தால் வாடையே காட்டிக்கொடுக்கும் என்ற அவர் வரி எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. புற்றுநோய் தரும் பென்சீனுக்கு அமெரிக்கக் குடிநீரில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அந்த அளவை மூக்கும் நாக்கும் உணராது. பெட்ரோலின் எடையில் நூறில் ஒரு பங்கு பென்சீன் என்று கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 14 லட்சம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். நூறு தண்ணீர் லாரிகளுக்கு மேல்!

உரிமையாளர் நொடித்துப்போவார் என்ற அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கசிவின் செலவைத் தாங்கக் காப்பீடோ வேறு நிதி ஏற்பாடோ வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. பொறுப்பாளி கிடைக்காத இடங்களுக்காக, ஒரு கேலன் எரிபொருளுக்கு ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு 1986இல் ஒரு நிதியும் உருவானது. கோப்புகளை என்றென்றும் திறந்தே வைக்கவும் யாரும் சொல்லவில்லை. 2012இல் கலிஃபோர்னியாவே அபாயம் குறைந்த இடங்களை முடித்துவைக்க விதி வகுத்தது. ஆனால் மாசு பரவாமல் நிற்கிறது என்றும், குடிநீர்க் கிணறு போதிய தொலைவில் இருக்கிறது என்றும் முதலில் காட்ட வேண்டும். காட்டுவதற்கு அளவெடுக்க வேண்டும்.

அந்த நாட்டில் இதுவரை உறுதிசெய்யப்பட்ட தொட்டிக் கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலான இடங்களில் சுத்திகரிப்பு முடிந்திருக்கிறது. முடிந்தது என்று சொல்ல முடிவதே அங்கெல்லாம் யாரோ நீரை எடுத்துச் சோதித்ததால்தான். நாளை அப்படியொரு மனையை வாங்குபவர் கேட்பார்: “கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எவ்வளவு இருந்தது?” கட்டுரையாளர் சொன்னபடி நடந்தால், அந்த வாங்குபவருக்குத் தர, முதலாண்டுக்குப் பிந்தைய ஓர் எண்கூட இருக்காது.