நாவலின் வகையும் நமது அளவுகோலும்

நாவல் வாசகருக்கு இன்று ஓர் உபதேசம் ஓயாது செய்யப்படுகிறது. சரித்திர நாவலைச் சரித்திர நாவலாகச் சுவைக்க வேண்டுமாம். துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்காகப் படித்துவிட்டு மறந்துவிட வேண்டுமாம். சமூகத்தைக் காண விரும்புவோர் சமூக நாவலை நாட வேண்டுமாம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இக்கூற்று, விமர்சனத்தின் வாயை அடைக்கும் தந்திரமன்றி வேறில்லை. வகைக்கொரு நீதி என்று சொல்லிவிட்டால் எந்த நாவலும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையல்லவா?

வருந்தத்தக்கது யாதெனில், முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் பலரும் இதே வாதத்தைத் தலைகீழாக நின்று ஓதுவதுதான். சரித்திர நாவலா, நிலப்பிரபுத்துவக் கனவு. துப்பறியும் நாவலா, நச்சிலக்கியம். ஏழை ஒருவன் வரும் நாவலா, மக்கள் இலக்கியம். புத்தகத்தைத் திறக்குமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இரு சாராரும் அட்டையைப் படிக்கின்றனர், நாவலைப் படிக்கவில்லை. நாவல் எவ்வகையினதாயினும் அதனிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: மனிதரையும் அவர்தம் உழைப்பையும் அவர்களைப் பிணைத்திருக்கும் உறவுகளையும் அது உண்மையாகக் காண்கிறதா?

சரித்திர நாவலை முதலில் நோக்குவோம். இத்துறை நமக்குப் புதியதன்று. திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. எனினும், சரித்திர நாவல் என்றதும் நம் மாணவர் வாயில் வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஒன்றே. 1950 தொடக்கம் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவல், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைப்படமானபின் புதிய தலைமுறையின் கைகளுக்கும் வந்து சேர்ந்துள்ளது. கதை சொல்லும் ஆற்றலில் கல்கிக்கு நிகராவார் சிலரே. பல்லாயிரம் தமிழரை அவர் வாசகராக்கினார் என்பதை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

ஆயினும் அந்நாவலின் உள்ளே புகுந்து பாருங்கள். இளவரசனைக் கடலிலிருந்து காப்பவள் கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி. கோயிலுக்குப் பூப்பறித்து மாலை தொடுப்பவன் சேந்தன் அமுதன். உழைக்கும் மக்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று நாம் மகிழ்கிறோம். ஆனால், முடிவில் நிகழ்வது என்ன? பூத்தொடுத்த சேந்தன் அமுதன் உண்மையில் சோழ அரச குலத்துப் பிள்ளை என்பது வெளியாகிறது, முடி அவன் தலையில் ஏறுகிறது, பூங்குழலி அரசியாகிறாள். அரண்மனையிலே வளர்ந்த மற்றவனோ அரசுக்கு ஆசைப்பட்டும் அதற்குத் தகுதியற்றவனாகக் காட்டப்படுகிறான். குடிசையில் வளர்ந்தவனிடம் நாம் கண்ட பெருந்தன்மைக்குக் காரணம் குடிசையன்று, குருதியே என்று சொல்லாமற் சொல்லப்படுகிறது. பிறப்பினால் உயர்வு என்னும் பழைய நஞ்சு இதைவிட இனிமையாகத் தமிழில் ஊட்டப்பட்டதுண்டோ?

சோழர் காலம் வேறெதையும் காட்டவில்லையா? 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. கல்லிலே இருப்பது கதையிலே இல்லாமற் போவது தற்செயலன்று. எதைக் காண்பது, எதைக் காணாது விடுவது என்பது எழுத்தாளனின் தேர்வு. அத்தேர்வுக்கு அவன் பொறுப்பாளி.

இதனாற் சரித்திர நாவல் என்னும் வகையே பழுது என்று முடிவு கட்டுவோர், பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ நாவலைப் படிக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரியை அவர் சித்திரிக்கிறார். கவர்னர்களுக்கும் துபாசிகளுக்கும் நடுவே, போரின் சுமையைத் தாங்கும் எளிய மக்களும் அங்கு மனிதராய் நடமாடுகின்றனர். வகை ஒன்றுதான், பார்வை வேறு.

துப்பறியும் நாவலுக்கும் இஃது பொருந்தும். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வகையைத் தமிழில் பரப்பினர். றெயினோல்ட்ஸின் இலண்டன் மர்மங்கள் வேட்டியும் அங்கவஸ்திரமும் அணிந்து நம்மிடையே உலாவின. அவர்கள் வகுத்த பாதையில் வந்த கதைகளிற் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: களவுபோன சொத்து உரியவனிடம் சேர்ந்ததும் கதை முடிந்துவிடும். அச்சொத்து அவனுக்கு எவ்வாறு வந்தது என்பதைத் துப்பறிய எந்தத் துப்பறிவாளனும் புறப்படுவதில்லை.

ஆனால், 1866இல் வெளிவந்த தொஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ ஒரு கொலைக் கதையன்றோ? கொன்றவன் யார் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். வறுமையும், தான் பிறரினும் மேலானவன் என்ற கொள்கைச் செருக்கும் ஒரு மாணவனின் கையில் கோடரியை எவ்வாறு கொடுத்தன என்பதே அங்குத் துப்பறியப்படுகிறது. விஞ்ஞானக் கற்பனை என ஒதுக்கப்படும் எச்.ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’, 1895இலேயே, மனித குலம் மேலே உல்லாசிகளாகவும் நிலத்தின் கீழே உழைப்பாளிகளாகவும் பிளவுண்டு இருவேறு இனங்களாகிவிட்ட எதிர்காலத்தைக் காட்டியது. வர்க்கப் பிளவை அதைவிடக் கூர்மையாகச் சொன்ன ‘சமூக நாவல்’ எத்தனை?

இனி நம் வீட்டுக் குறையையும் பேச வேண்டும். முதலாளி கொடியவன், தொழிலாளி உத்தமன், கடைசி அத்தியாயத்தில் ஒரு கூட்டம், ஒரு பேருரை, ஒரு சிவந்த கிழக்கு. இத்தகைய நாவல்களைக் கொள்கையின் பெயரால் பாராட்டுவது கொள்கைக்குச் செய்யும் துரோகம். மன்னராட்சியின் பக்கம் நின்ற பல்சாக், தம் சார்பையும் மீறிப் பிரெஞ்சுச் சமூகத்தின் உண்மையை எழுதினார் என்பதை 1888இல் மார்கிரட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ் எடுத்துக்காட்டினார். அதே கடிதத்தில், உழைக்கும் மக்களிடம் அனுதாபம் கொண்டிருந்த ஹார்க்னஸின் நாவலில் அம்மக்கள் செயலற்றவராய்க் காட்டப்பட்ட குறையையும் அவர் சுட்டினார். அனுதாபம் மட்டும் யதார்த்தமாகிவிடாது.

கே. டானியலின் ‘கானல்’ ஏன் நிலைத்து நிற்கிறது? சாதிக்கொடுமையிலிருந்து தப்ப மதம் மாறியவர்களுக்கு அந்த மாற்றமும் கானலாய்ப் போனதை அது காட்டுகிறது. எளிய தீர்வை அது விற்கவில்லை. மக்களை அவர்களின் பேச்சோடும் பசியோடும் தந்திரத்தோடும் நிறுத்துகிறது. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை வெறும் காதற் கதை என்று தள்ளியவரும் உண்டு. கோஷம் எதுவும் எழுப்பாத அந்நாவல், காட்டை வெட்டி நிலமாக்கிய வன்னி மக்களின் வாழ்வைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைவிட அதிகம் கற்பிக்கிறது என்பது என் துணிபு.

இவ்வாதம் ஏட்டோடு முடிவதன்று. மாணவன் மேசைக்குள் ஒளித்து வாசிக்கும் துப்பறியும் நாவலை ஆசிரியர் பறித்துக்கொள்கிறார். பதிலுக்கு அவனிடம் எதையும் கொடுப்பதில்லை. நல்ல நாவல்களோ பூட்டிய அலுமாரிக்குள் கறையானுக்கு இலக்கியப் பணி செய்கின்றன. இன்று கைத்தொலைபேசித் திரையில் அவன் எதைப் படிக்கிறான் என்பதை எந்த ஆசிரியராலும் பறிமுதல் செய்ய முடியாது. கொடுக்கக்கூடியது கேள்வி ஒன்றே.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, தடை செய்யாதீர்கள், கேட்கக் கற்பியுங்கள். இக்கதை மாந்தரின் சோறு யாருடைய உழைப்பில் விளைந்தது? இதில் சிந்திக்கவும் முடிவெடுக்கவும் உரிமை பெற்றவர் யார்? கடைசிப் பக்கத்தில் மாறியது என்ன, யாருக்காக மாறியது? பொன்னியின் செல்வனிடமும் இவற்றைக் கேட்கட்டும். நம் தோழர்கள் எழுதிய நாவல்களிடமும் கேட்கட்டும். இக்கேள்விகளோடு படிக்கப் பழகிய மாணவனுக்கு எந்த நாவலும் நஞ்சாகாது. முகத்துதியும் அவனிடம் விமர்சனமாக வேடமிட்டு நிற்க முடியாது.